ஹாரன் இல்லாத பஸ்

ஏங்க,

மைன்ஸ்ல நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து அசந்து தூங்குறீங்க, அதான் எழுப்பல. எங்க அம்மாவைக் கண் டாக்டர்கிட்ட காட்டணும், குறிஞ்சிப்பாடி போறேன். சோறு குக்கர்ல இருக்கு. கத்திரிக்கா குழம்பைச் சுட வெச்சுக்கோங்க. பூவிழி பக்கத்து குவார்ட்டர்ஸ் சங்கீதா வீட்டுல இருக்கா. எழுந்ததும் கூட்டிட்டு வந்துடுங்க.

நேத்து அவ நாற்காலியை வரிசையாப் போட்டு பஸ் ஓட்டினப்ப, நீங்க தூக்கம் கலைஞ்சு வந்து கத்திட்டு, நாற்காலியெல்லாம் அடுக்கி வெச்சுட்டுப் போய்ப் படுத்துட்டீங்க. அவ அழல. கொஞ்ச நேரம் கழிச்சு தலகாணிய எல்லாம் வரிசையா வெச்சு மறுபடி பஸ் விட்டா. ஹாரனும் இல்ல, விசிலும் இல்ல. கரடி பொம்மை இறங்குறப்பகூட வாயில விரல வெச்சு, "மெதுவா இறங்குங்க"ன்னா.

"ஏன்டி ஹாரன் அடிக்கல?"ன்னு கேட்டேன்.

"இது அப்பா தூங்குற பஸ்மா"ன்னு என் காதுல சொன்னா.

முன்னாடி தலகாணி மட்டும் காலியா இருந்துச்சு. என்னையும் உக்கார விடல. "அது அப்பா எடம். எழுந்ததும் ஏறுவாரு"ன்னா.

நீங்க சாயந்திரம் எழுந்து, டீயைக் குடிச்சுட்டு, ஃபோனைப் பாத்துக்கிட்டே வெளிய கிளம்பிட்டீங்க. அவளே எல்லாத்தையும் கட்டில்ல எடுத்து வெச்சுட்டா.

சண்டை போட எனக்கு இப்ப நேரமில்ல. நாற்காலியை ஹால்ல மறுபடி வரிசையாப் போட்டு வெச்சிருக்கேன்.

உமா

பி.கு: கம்பெனி பாஸ் காட்டினா பூவிழி ஒத்துக்க மாட்டா, டிக்கெட் வாங்கணும். எங்க போகணும்னு கேப்பா. ஏதாவது ஒரு ஊர் பேரைச் சொல்லுங்க. மைன்ஸுன்னு மட்டும் சொல்லிடாதீங்க.