தேற்றாங்கொட்டைக்குத் தெளியாத பவழப் பொய்கை

மழை பிழையாது பொழிக. ஏரி உடையாது நிறைக. வேங்கைமலையைக் காவலாகவும் அதன் அருவிகளை மாலையாகவும் உடையவர், வழக்குரைக்க வந்தார் கண்ணீரைத் தம் கண்ணீராகக் கொள்பவர், சொன்ன சொல் திறம்பாதவர், வேங்கைநாட்டு வேந்தர் மாநாகப் பெருமானார் திருமுன்பு, அவர் தந்தையார் காலந்தொட்டு அமைச்சுப் பூண்டு முதுகு வளைந்த காவிதி கீரங்கொற்றன் தலை நிலத்தில் பட வணங்கி எழுதிக்கொண்டது. பவழத்துருத்தித் தீவினின்று வந்து இவ்வரண்மனைக்கு விளக்கான பட்டத்தரசி பூந்திரைநாச்சியார் நலமே உள்ளார் என்று எழுதத்தான் காவிதிக்கு ஆசை. பொய் எழுதுவதற்கு எழுத்தாணி நகர மறுக்கிறது.

இவ்வோலையின் அடியில் உள்ள இலச்சினையை வேந்தர் முதற்கண் நோக்குவாராக. அது காவிதி இட்டதன்று, வேந்தரே இட்டது. முடிசூடும் நாளில் எழுத்தொன்றும் இல்லாத வெற்றோலையில் தம் இலச்சினையை ஒற்றி அமைச்சன் கையில் கொடுப்பது இந்நாட்டு அரசர் மரபு. அரசர் வழி தவறும் வேளையில் அமைச்சன் அதில் ஒரே ஒரு கட்டளை எழுதலாம், அதற்கு அரசரும் அடங்கியே தீரவேண்டும். எழுதியவனுக்கு அன்றோடு பதவி போய்விடும். முன்னோருள் ஒருவர் அவ்வோலையால் ஒரு போரை நிறுத்தினார், மற்றொருவர் பஞ்சத்தில் களஞ்சியம் திறந்தார். கீரங்கொற்றனோ அதை ஒரு மீன்பொய்கைக்காகச் செலவழிக்கிறான். ஊர் சிரிக்கும், சிரித்துவிட்டுப் போகட்டும்.

வாயால் சொல்லாமல் ஓலையால் சொல்வானேன் என்று வேந்தர் வினவலாம். இளவரசியார் காய்ச்சலில் மறைந்தபின், அக்குழந்தையின் பெயரை உரைப்பவன் நா அறுபடும் என்று ஆணை பிறந்தது. அவர் நாள் முழுதும் நின்று விளையாடிய பவழப் பொய்கையைப் பற்றியும் திருமுன்பு யாரும் வாய் திறப்பதில்லை. ஆணை நாவுக்குத்தான் உள்ளது, எழுத்தாணியைக் குறித்து அதில் சொல்லில்லை. அந்தச் சந்தில்தான் இக்கிழவன் நுழைகிறான்.

அரசியார் மணமகளாய் வந்த நாளில் பொன்னையும் முத்தையும் மற்றவர் சுமந்து வந்தனர். அவர் மட்டும் தம் மடியில் ஒரு மண்கலத்தை வைத்துக்கொண்டு, கடல்நீருள் உயிரோடு மலர்ந்திருந்த பவழக்கொத்து ஒன்றைக் கொணர்ந்தார். அதற்கென்றே அந்தப்புர முற்றத்தில் பளிங்குப் பொய்கை எழுந்தது. துறையிலிருந்து மாட்டுவண்டிகளில் சால் சாலாகக் கடல்நீர் வந்தது, எருதுகள் சுற்றும் சக்கரம் அந்நீரை ஓயாமல் இறைத்தும் பொழிந்தும் உயிரூட்டியது. பவழம் கிளைத்தது, கல்லெல்லாம் பூத்தது, மஞ்சளும் நீலமுமாய் மீன்கள் பெருகின. தரையில் விழுந்த ஊசியைக் காண்பதுபோல் அடிமணலைக் காணலாம். மலைநாட்டார் கடலை அறிந்தது அம்முற்றத்தில்தான்.

குழந்தை போன சில நாளில் அந்நீர் மங்கியது. முதலில் பால் சிந்தியதுபோல் வெளுத்தது, பிறகு கஞ்சித்தண்ணீர் ஆயிற்று, பின்னர் நாற்றமும் வந்தது. பவழங்கள் வாய் மூடின.

காவிதி கைகட்டி நின்றான் அல்லன். புதுக் கடல்நீர் வருவித்து நிரப்பினான், இரண்டொரு நாள் தெளிந்து மீண்டும் மங்கியது. சேற்றுநீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையை நம்மவர் குடத்தில் இழைப்பது வழக்கமாயிற்றே என்று, கூடை கூடையாகத் தருவித்து ஆட்களை வைத்து இழைத்து ஊற்றினான். நண்பகலுக்குள் நீர் பளபளத்தது. மார்தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் உண்டு உறங்கி வந்து பார்த்தால், கசடெல்லாம் கீழிறங்கிப் பவழத்தின்மேல் கோழை கோழையாய்ப் படிந்திருந்தது. சேறு வேறு, அழுகல் வேறு என்பது அப்போது அவனுக்குத் தெரியாது. பதறிப்போய்க் கற்களை வெளியே எடுத்துத் தேய்த்து நல்ல கிணற்றுநீரில் கழுவச் சொன்னான். உப்பில் பிறந்த உயிர்கள் கல்லிடுக்கில் இருந்துகொண்டு அந்நீரைத் தூய்மை செய்து வந்தனவாம். அவற்றையெல்லாம் கிணற்றுநீர் ஒரே பொழுதில் கொன்றது. குரங்கு பிடிக்கப் போனவன் மரத்தையே வெட்டிய கதையாயிற்று. அன்று மிதந்த மீன்களைக் கூடையில் அள்ளியபோது எழுபது பிராயத்துக் காவிதி முழங்கால் நீரில் நின்று அழுதான். எழுதுவதில் வெட்கமில்லை.

அள்ளிய மீன்களின் வயிறு புடைத்திருந்தது கண்டு ஐயம் பிறந்தது. யாரோ இரை கொட்டுகிறார்கள். காவிதி மடைப்பள்ளித் தலைவனை அழைத்து மிரட்டினான். அவன், அரண்மனையில் மீனாய்ப் பிறந்தும் பட்டினியா கிடக்க வேண்டும் என்று தான் எண்ணியதுண்டு என்றும், ஆனால் ஒரு பருக்கையும் போட்டதில்லை என்றும் தன் பிள்ளைகள்மேல் ஆணையிட்டான். வாயில் காப்போரும் பணிப்பெண்டிரும் அவ்வாறே சொன்னார்கள். யாரையும் நம்பாமல் காவிதி ஒரு விடியற்காலையில் முற்றத்துத் தூணுக்குப் பின்னே தானே போய் நின்றான்.

அங்கே அவன் கண்டதை வேந்தர் அறிவார். முடியின்றி, மேலாடை மடியில் பொரி நிறைத்துக்கொண்டு, பொய்கைப் படியில் அமர்ந்திருந்தவர் வேந்தரே. இறந்தார் பொருட்டுக் கோயில் குளத்து மீனுக்குப் பொரியிடுவது நம் நாட்டு அறம். பாசியும் சேறும் தின்று வளர்ந்த கெண்டைக்கு அது அறந்தான். பவழ மீனோ தின்றது கொஞ்சம், ஊறி அழுகியது மிச்சம். ஆயினும் காவிதியைக் கல்லாக்கியது பொரியன்று. முந்தைய நாள் அவையில் நடந்த வழக்கெல்லாம் வேந்தர் மீன்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எவர் சொன்னால் நா அறுபடுமோ அப்பெயரையும் வேந்தரே சொன்னார், மீன்களைப் பார்த்து, மெல்ல, பலமுறை.

தடுக்கலாம் என்று காவிதி ஓரடி வைத்தான். அப்போது எதிர்ச் சாளரத்தின் பின்னே ஒருவர் நிற்பது தெரிந்தது. பூந்திரைநாச்சியார். சாளரக் கம்பியில் நெற்றியை வைத்து வேந்தர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேந்தர் அகன்றபின் அரசியார் காவிதியை அழைத்துச் சொன்னவை வருமாறு. பொரியால்தான் நீர் கெடுகிறது என்பது தமக்கு முதல் நாளே தெரியும் என்றார். கடலில் பிறந்தவளுக்குக் கலங்கல் தெரியாதா என்றும் கேட்டார். தெரிந்தும் ஏன் வாளாவிருந்தீர் என்று காவிதி வினவ, குழந்தையை எரியூட்டிய நாள்முதல் வேந்தர் தம் முகம் நோக்கி ஒரு சொல்லும் உரைத்ததில்லை என்றும், பொய்கைக்கு வருவதைத் தடுத்தால் அக்குரலைக் கேட்க இவ்வரண்மனையில் தமக்கு வேறு இடமில்லை என்றும், அதனால்தான் ஒவ்வொரு பவழமாய்ச் சாகவிட்டுக்கொண்டிருந்ததாகவும் விடையிறுத்தார். பிறகு, தாம் மடியில் வைத்துக் கொணர்ந்த தாய்ப்பவழமும் ஒருபுறம் எலும்பாய் வெளுத்துவிட்டது என்றார். ஒரு குழந்தையைக் காக்கத் தம்மால் முடியவில்லை, இதையாவது காத்துக் கடலில் விட்டுவிட்டுத் தாமும் தம் தமையனார் வீட்டிலேயே இருந்துவிடுவதாகச் சொன்னார். அழவில்லை. அழுதிருந்தால் காவிதிக்கு இத்தனை அச்சம் வந்திராது.

தமையனார் மரக்கலம் துறையில் நிற்கிறது. காவிதி இதை எழுதும்போதே கீழ் முற்றத்தில் பல்லக்கு இறக்கிவைத்திருக்கிறார்கள். பணிப்பெண்டிர் தாய்ப்பவழத்தைச் சாலுக்கு மாற்றி வாயை ஈரத்துணியால் கட்டுகிறார்கள். போகாதீர் என்று காவிதி காலில் விழுந்து பார்த்தான், அரசியார் அவனைத் தூக்கி நிறுத்தி, முதியவர் விழலாகாது என்று கடிந்தார். மரக்கலத்தை மறித்து நிறுத்தக் காவிதிக்கு அதிகாரம் உண்டு. அப்படி நிறுத்தினால் இங்கே ஒரு சிறைப்பட்ட பெண் இருப்பாள், நம் அரசி இருக்கமாட்டார். பெருமானே, அவர் போய்விட்டால் இவ்வரண்மனையில் தாங்கள் பேச மீனும் இராது. தங்களைத் தோளில் சுமந்து வளர்த்த கிழவன் இதைக் கண்ணால் பார்க்கமாட்டான். வேறு வழி தெரியாமல்தான் வெற்றோலையை எடுத்தான்.

பொரியிடலை நிறுத்துக என்று எழுதவே முதலில் எழுத்தாணியை ஊன்றினான். ஒரே கட்டளைதான் எழுதலாம். அதை எழுதினால் பொய்கை தெளியும், அரசியார் போய்விடுவார். ஆகவே பொரியைப் பற்றி இதில் ஆணையில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் அரசியார், கேட்க வேண்டியவர் வேந்தர்.

கட்டளையாவது: இவ்வோலை கண்டதும், படிக்கும் வாசகம் முடியுமுன் எழுந்து, காலணியும் முடியும் தேடாது, வேந்தர் கீழ் முற்றம் இறங்குவாராக. பல்லக்குத் திரை விலக்கி, மீன்களிடம் சொன்ன அப்பெயரை அக்குழந்தையைப் பெற்றவர் முகம் பார்த்துச் சொல்வாராக. அல்லியங்கோதை. காவிதியின் கை எழுதிவிட்டது, வேண்டுமாயின் கையையும் அறுக்கலாம், ஆனால் பிறகு.

இது வேந்தர் ஆணை. வேந்தர் இலச்சினை. இதனை மீறுவாருக்கு வேங்கைநாட்டில் அரசு இல்லை. இப்படிக்கு, இக்கணம்வரை காவிதியாயிருந்த கீரங்கொற்றன். பல்லக்கைத் தூக்குகிறார்கள், பெருமானே, ஓடுக.