முன்னாடி ஏதாவது நடந்திருக்கா

மார்ச் 4, செவ்வாய்

லேத் பட்டறையில் விடுப்புச் சொல்லிவிட்டு மனைவியோடு ஆலோசகரிடம் போனேன். சிறார் இல்லத்தில் இருக்கும் எங்கள் மகன் மறுபடியும் அப்படிச் செய்வானா என்று கணித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பவர் அவர். எங்கள் வீட்டுக்கு டியூஷன் படிக்க வந்த குழந்தையிடம் அவன் செய்ததை அவர் நேராகச் சொன்னார். எனக்குத்தான் அந்தச் சொல் வாயில் வரவில்லை. ‘அந்த விஷயம்’, ‘அந்த விஷயம்’ என்றே இழுத்தேன்.

“இதுக்கு முன்னாடி ஏதாவது நடந்திருக்கா சார்?”

“இல்ல மேடம்.”

மனைவியும் இல்லையென்று தலையசைத்தாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது.

மார்ச் 5

பட்டறைக்குப் போகாமல் படுத்தே கிடந்தேன்.

மார்ச் 9

இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன். போன வருஷம் தங்கை பட்டறைக்கே வந்து அழுதாள். “அண்ணா, உன் பையன் எம் பொண்ணுகிட்ட—” முழுக்கச் சொல்ல விட்டேனா? மானம் போயிடும், மூச்சு விடாதே என்றேன். அவனை நாலு அறை அறைந்தேன். அதோடு தீர்ந்ததாக வைத்துக்கொண்டேன். அதிலிருந்து தங்கை எங்கள் வீட்டுப் பக்கமே வருவதில்லை. “உங்க தங்கச்சிக்குத் தலைக்கனம்” என்று மனைவி திட்டும்போதெல்லாம் ஆமாம் போட்டேன்.

சீ. நானெல்லாம் ஒரு அண்ணனா?

மார்ச் 14

முதல் தடவை என்பதால் ஆபத்து குறைவு, வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதப்போகிறாராம் ஆலோசகர். மனைவி சந்தோஷத்தில் அழுதாள். மாடி வீட்டில் இரண்டு சின்னப் பெண்கள். படியில் ஓடி விளையாடுகிறார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்கவே பயமாக இருக்கிறது.

மார்ச் 17

தனியாகப் போய்ச் சொல்லிவிட்டேன். ஆலோசகர் திட்டவில்லை. “உங்க தங்கச்சி பொண்ணு இப்ப எப்படி இருக்கா?” என்று கேட்டார்.

தெரியாது. ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

வீட்டிலும் சொன்னேன். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 2

அறிக்கை மாறிவிட்டது. ஒரு வருஷம் இல்லத்திலேயே வைத்துச் சிகிச்சை.

ஏப்ரல் 27, ஞாயிறு

மகனைப் பார்த்தோம். மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்கதான் சொன்னீங்களாப்பா?”

“ஆமாண்டா.”

“அன்னிக்கு அடிச்சீங்க. ஏன்டா செஞ்சேன்னு கேக்கவே இல்ல. மேடம் கேக்கறாங்க. கொஞ்சம் கொஞ்சமா சொல்றேன்” என்றான்.

வெளியே வந்ததும் தங்கைக்குப் போன் போட்டேன். எடுத்தது தங்கை மகள். மாமா என்று கூப்பிடவில்லை. “அம்மா, உனக்குத்தான்” என்றாள்.

தங்கை வந்து எடுக்கும்வரை காத்திருந்தேன்.