மினுக்காத பட்டு

காஞ்சிபுரம்

கடல் கடந்து வாழும் என் மகன் அபிஜித்தே, அவனருகே அமர்ந்து இதைக் கேட்கும் மருமகள் கௌசல்யாவே! உங்கள் நலமே என் வேட்கை. இங்கே உடல்கள் நலம். என் நெஞ்சு மட்டும் நெருப்பு. என் மகனின் ஆய்வைக் களவாடி, அதைப் பொய்யாகத் திரித்து, அவன் பெயரை நீக்கி ஆய்விதழுக்கு அனுப்பியிருக்கிறான், அவனுக்கு வழிகாட்ட வேண்டிய பேராசிரியன்!

அப்பாவின் கண் அறுவை நன்கு முடிந்தது. கட்டு அவிழ்த்ததும் என் பழைய நூற்சேலையைப் பார்த்து, "புதுசா? நீலம் தூக்கலா இருக்குதே" என்றார். கூடியது நீலமா ஒளியா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இதைத்தானே நீ மூளைக்குள் பிரித்துக் காட்டினாய்? பளபளக்கும் நீலத் துணியையும் மங்கிய சிவப்புத் துணியையும் மட்டும் காட்டி மூளையை அளந்தால், எழும் துடிப்பு நிறத்துக்கு உரியதா பளபளப்புக்கு உரியதா என்று எவரும் கூற இயலாது. அதனால்தான் பளபளக்கும் சிவப்பும் மங்கிய நீலமும் வேண்டும் என்றாய். புழுவின் உயிருக்கு அஞ்சி மணநாளிலும் பட்டு உடுத்தாதவள் நான். உனக்காக நோன்பைத் தளர்த்திச் செவிலிமேட்டில் சபாபதியின் தறிமுன் நின்றேன். புழுக்கூட்டின் பசை நீக்காத பட்டு மங்கலாக இருக்கும், அதில் நீலம் நெய்து தாருங்கள் என்றேன். "இன்னாமா, ஊரே மினுக்குற பட்டு கேக்குது, நீங்க மினுக்காத பட்டு கேட்டுக்கினு வந்து நிக்கிறீங்க. புள்ள அங்க படிக்குதா, வெளையாடுதா?" என்று சிரித்தார். தாங்கினேன். துடிப்பில் பெரும்பகுதி பளபளப்புக்கே உரியது என்று நீ கண்டாய். அந்தக் கயவனோ பளபளக்கும் சிவப்புக்கும் மங்கிய நீலத்துக்கும் மூளையில் எடுத்த அளவுகளை மறைத்துவிட்டு, எல்லாம் நிறத்தின் வேலை என்று முழங்குகிறான். அத்தனை புழுக்களும் ஒரு பொய்க்காகவா வெந்தன?

நீயோ தொலைபேசியில், "வுடும்மா, அவர் லெட்டர் குடுத்தாதான் அடுத்த வேலை" என்கிறாய். அப்பாவும் உன் பக்கம். எறும்புக்கும் வழிவிட்டு நடக்கும் குடி நம்முடையது. பொய்க்கு வழிவிடும் குடி அன்று. அவன் வீழ வேண்டும். அவனைப் புகழும் அறிஞர் அவையிலேயே அவன் தலை கவிழ வேண்டும். அதைக் காணாமல் என் சினம் ஆறாது. வேலை போனால் போகட்டும், வேறு தேடலாம்.

அருகன் உங்களைக் காப்பான். மருமகளே, கதிர் மறையுமுன் அவனை உண்ணச் செய். மகனே, மீந்த துணிகளைச் சான்றுக்காக அஞ்சலில் சேர்த்துவிட்டேன். அவை வரும்வரை காத்திராதே. கட்டுரை இன்னும் அச்சேறவில்லை என்று நீயே சொன்னாய். அவன் மறைத்த அளவுகள் அனைத்தையும் இணைத்து, இதழாசிரியருக்கு உன் பெயரிட்டு இன்றே எழுது!

உன் தாய்,
குணமாலா