முன்பாரம் ஏற்றிய வத்தை

கோட்டைப்பட்டினம்
மன்மத வருஷம், தை மாதம்

அன்பு மகன் நாகராசுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவுக்கு வாய் மட்டும் கொஞ்சம் கூடுதல் சுகம். பினாங்கில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டால் எங்களுக்கு அதுவே போதும்.

சேதி கேள். உன் தங்கை செங்கமலத்தைத் தலைப்பிரசவத்துக்கு மல்லிப்பட்டினத்திலிருந்து கூட்டிவரக் கிளம்பும் நேரம் பார்த்து மழை பிடித்து, வழியிலிருந்த பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது, வண்டி போகவில்லை, அவளுக்கு மாதமும் நிறைந்துவிட்டது. சம்பந்தியம்மாள் இங்கேயே பெத்துக்கட்டும்னு சொல்லியனுப்பினார்கள், எனக்கு மனசு கேட்கவில்லை, தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றேன். மழை விட்டதும் படகோட்டுகிற தண்டல் காளிமுத்துவும் அவர் ஆட்கள் மூன்று பேரும் பாய்மர வத்தையில் எங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

திரும்பும்போதுதான் கூத்து. உன் அப்பா கடலிலும் மாட்டுவண்டிதான் ஓடுகிறது என்று நினைத்துவிட்டார். வண்டிக்கு முன்பாரம் இல்லாவிட்டால் நுகத்தடி தூக்கும் அல்லவா, அந்த நினைப்பில், தண்டல் பாய் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அரிசி மூட்டை தேங்காய் மூட்டை எல்லாவற்றையும் முன்பக்கமே அடுக்கிவிட்டார். காற்று ஏறியதும் வத்தை மூக்கைக் குத்திக்கொண்டு தண்ணீரை உள்ளே வாரிப் போட்டது, செங்கமலம் தொப்பலாக நனைந்துவிட்டாள். யாருங்க இப்படி அடுக்குனதுன்னு தண்டல் கேட்டார், அப்பா மீசையைத் தடவிக்கொண்டு வண்டிப் பழக்கம்னு சொன்னார். இங்கிட்டு மாடு இல்லைங்க, மூட்டையைப் பின்னுக்குத் தள்ளுங்கன்னு அவர் சொல்ல, ஆட்கள் சிரித்துக்கொண்டே பாயை இறக்கி, மூட்டைகளை மாற்றி, தண்ணீரை இறைத்தார்கள். அதிலேயே பொழுது போய்விட்டது. நம் கரைக்கு வந்தபோது கடல் வற்றி, வத்தை சேற்றில் தட்டி நின்றுவிட்டது, அங்கே வைத்துத்தான் அவளுக்கு இடுப்புவலி கண்டது.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தண்டல் பாயை அவிழ்த்து விரித்து அதில் அவளைக் கிடத்தச் சொன்னார், நால்வரும் ஆளுக்கொரு முனை பிடித்து முழங்கால் சேற்றில் நடந்து நம் வீட்டு வாசல் வரைக்கும் தூக்கி வந்தார்கள். அப்பா மருத்துவச்சி காத்தாயியைக் கூட்டிவர ஓடினார். உள்ளே படுக்க வைத்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் நலம். அந்தப் பாயை அப்பாவே துவைத்துக் காயவைத்துக் கொடுத்தார்.

முருகன் உன்னைக் குறையில்லாமல் வைத்திருப்பான். அடுத்த தையில் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவது, அவளுக்கு மாமன் நீ ஒருத்தன்தான். நாகராசுக்கு லீவு கெடைக்காட்டி பங்காளி வீட்டுப் பையனை உட்கார வைப்போம்னு அப்பா சொன்னார், நடக்காது என்று சொல்லிவிட்டேன். உன் முதலாளியிடம் லீவுக்கு இப்போதே சொல்லி வை. நீ வந்து உட்காருகிற வரைக்கும் அந்தக் காதில் ஊசி படாது.

இப்படிக்கு
உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா
மருதாயி