வண்டி முகப்பின் முன்னால் நாலரை அடி

இண்டூர்,
புதன்கிழமை.

அன்பு மகள் மலர்விழிக்கு அம்மா சுகுணா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், ஜெர்மனிக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன் கண்ணு. உன் அத்தை காசியம்மாளுக்கு அடிபட்டு இன்றோடு இருபது நாள். பால் சொசைட்டி வாசலில் கூடை சரிந்து கொட்டிய தக்காளியைக் குந்திப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அங்கே நிறுத்தியிருந்த உயரமான புதுக் காரைப் பக்கத்து வீட்டு ராஜப்பன் எடுத்தபோது அது அவரை இடித்துத் தள்ளிவிட்டது. தொடை எலும்பில் ஆபரேஷன் ஆகி இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார், பயப்படாதே. ஊரே ராஜப்பனைக் குடிகாரன் என்றது, நானும்தான் திட்டினேன். அவர் சோறு தண்ணியில்லாமல் கிடந்து, "சத்தியமா ஆளே தெரியலைங்க அக்கா" என்று அழுதார். மனசு கேட்காமல் அவர் வண்டியில் ஏறி ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தேன். அப்பாவை முன்னால் குந்தச் சொன்னேன். தெரியவில்லை. நாலரை அடி தள்ளிப் போன பிறகுதான் தலைமுடி தெரிந்தது. என் அங்கன்வாடிப் பிள்ளைகள் உட்காரும் உயரத்தில் குடத்தை வைத்துப் பார்த்தோம், எட்டடி! ராஜப்பனின் பழைய சின்னக் காரில் அதில் பாதிகூட இல்லை.

கிராமசபைக்கு அத்தையே வாக்கரோடு வந்து, "ராஜப்பன் கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது, வண்டி மூஞ்சிதான் ஒசந்துபோச்சு" என்றார். சொசைட்டி வாசலில் வண்டி நிறுத்தக் கூடாதென்று தீர்மானம் போட வைத்தோம். ராஜப்பனும் முன்னால் கேமரா பொருத்திவிட்டார், ஆனால் சேறு அடித்தால் அதற்கும் கண் தெரியாது. முகப்பே தாழ வேண்டும், அது உன்னைப் போலக் கார் கம்பெனியில் வண்டி வடிவம் வரைகிறவர்கள் கையில்தான் இருக்கிறது.

"பெருசா இருந்தாத்தாம்மா விக்குது, நான் சின்ன ஆளு" என்று போன மாதம் சொன்னாயே, அதை இனி நான் கேட்க மாட்டேன். அளந்த தாளும் போட்டோவும் இதோடு இருக்கின்றன, அத்தை கையெழுத்தும் போட்டிருக்கிறார். உங்கள் கம்பெனிப் பெரிய அதிகாரிகள் கூடும் இடத்தில் எடுத்து வை. தள்ளிவிட்டால் மறுபடியும் வை. நாங்களும் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறோம், பதில் வரும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் போவோம்.

நீ நோய்நொடி இல்லாமல், யாருக்கும் அஞ்சாமல் நூறு வயசு வாழ வேண்டும். சைக்கிளில் வேலைக்குப் போகிறவள், நிற்கிற வண்டிதானே என்று அதன் முன்னால் குறுக்கே போகாதே. ஓட்டுகிறவர் உன் முகத்தைப் பார்த்த பிறகு கடந்து போ.

உன் அம்மா,
மா. சுகுணா