காணும் என்று சொன்னேன்

9-6-2025, திங்கள்
எழுத்து ஏறியும் இறங்கியும் போகிறது. ழகரத்தின் வால் எந்தப் பக்கம் என்று இன்னும் தடுமாற்றம். மன்னிக்க வேண்டும் — யாரிடம் கேட்கிறேன்? என்னிடமேதான். எழுபது தாண்டி எழுதப் படித்த கை, பையத்தான் வரும். ஆனாலும் வருகிறதே!

முதியோர் வகுப்பு முடிந்த கையோடு ஆற்றுப் படித்துறையில் வழுக்கி விழுந்தேன். அன்றிலிருந்து மகள் முத்துராணி வேலைக்குப் போகும்போது வெளிக் கேட்டைப் பூட்டிவிட்டுப் போகிறாள். ஆறு மாதமாகிறது. இடுப்பு சரியாகிவிட்டது, பூட்டு போகவில்லை. வாசிக்க வேண்டிய போர்டெல்லாம் வெளியே இருக்கிறது. உப்புப் பாக்கெட்டை எத்தனை தடவை வாசிப்பது?

11-6
பின் அறைக்குக் குடிவந்திருக்கும் டெபோரா சென்னைப் பெண். இயந்திரத்தில் கலை செய்கிறாளாம். மனுசரைக் கட்டிப்பிடிக்கும் இயந்திரம்! இரண்டு கைகள், பஞ்சு வைத்துத் தைத்த நெஞ்சு, உள்ளே இளஞ்சூடு. தலை கிடையாது. எதற்கு என்று கேட்டேன். "மனுஷங்க ஒரு மிஷினை எவ்வளவு பக்கத்துல விடுவாங்கன்னு பார்க்கத்தான் தாத்தா." அடுத்த வாரம் பாளையங்கோட்டையில் கண்காட்சி.

12-6
அந்த இயந்திரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெட்கம்தான். கைகள் முதுகைச் சுற்றி வந்தன. என் மூச்சோடு அதன் நெஞ்சும் ஏறி இறங்கியது. என் மனைவி வடிவம்மாள் போன பிறகு என்னை யாராவது தொட்டார்கள் என்றால் அது ஊசி போடத்தான். கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

"எப்பா, இந்த வயசுல ஒங்களுக்கு இது கேக்குதா?" என்றாள் முத்துராணி.

"ஏளா, இதுக்குத் தலை இல்ல. ஏசாது."

14-6
இன்று அதன் கைகளுக்குள் மாட்டிக்கொண்டேன். டெபோரா முற்றத்தில் கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்தாள். கால் மரத்துப் போனது, "காணும்" என்றேன். விடவில்லை. காணும், காணும்! பயத்தில் மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கினால் ஆறுதல் வேண்டும் என்று எண்ணி அது இன்னும் இறுக்குமாம். அசைய முடியல. செத்தோம்னு நெனச்சேன்.

சந்தையிலிருந்து வந்த முத்துராணி அந்தக் கைகளைப் பிடித்து இழுத்தாள். டெபோரா ஓடிவந்து "போதும்" என்றாள். உடனே விட்டது. அந்த ஒரு சொல்லைத்தான் பழக்கியிருக்கிறாள். போதும் என்பதற்கு எங்கள் ஊரில் காணும் என்போம், அது அதற்குத் தெரியாது.

"எங்கப்பா காணும் காணும்னு கத்துதாவ, ஒங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு அக்கா. எதையோ காணோம்னு தேடுறாங்கன்னு நினைச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முத்துராணி சிரிக்கவில்லை. "இன்னமே அந்த ரூம்பு பக்கம் போவக்கூடாது. நடைக் கதவையும் பூட்டிருதேன்."

"பூட்டு. நானும் ஆறு மாசமா கேட்டைப் பிடிச்சிக்கிட்டு காணும்னுதான் சொல்லுதேன். மிஷினாவது வெளியூரு. ஒனக்கு என்னளா?"

அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

15-6
முத்துராணி சோற்றை வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள்.

20-6
முத்துராணியே ஆட்டோ பிடித்துக் கண்காட்சிக்கு அழைத்துப் போனாள். இயந்திரம் இப்போது "காணும்" என்றாலும் விடுகிறது. பழக்கியது என் குரலை வைத்து! வரிசையில் நின்று ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். முத்துராணியும் உட்கார்ந்தாள். வெகுநேரம் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள்.

திரும்பும்போது, "எனக்குப் பயம்ப்பா" என்றாள். அவ்வளவுதான்.

23-6, திங்கள்
முத்துராணி வேலைக்குப் போய்விட்டாள். கேட் சாத்தியிருக்கிறது. பூட்டு உள்பக்கம், ஜன்னல் திண்டில், சாவியோடு கிடக்கிறது. மறந்துவிட்டாளா? இல்லை, பக்கத்தில் என் கைத்தடியையும் சாய்த்து வைத்திருக்கிறாள். மீதியை வந்து எழுதுகிறேன். இப்போது உட்கார நேரமில்லை.