சிப்பித் தரைக்குப் புளிப்பு ஆகாது

கேட்டா ஊர்,
நவம்பர், புதன்கிழமை

என் செல்ல மகள் செனாமுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் சுகம், மழை வந்தால் அவருடைய முழங்கால் முனகுகிறது, கூடவே அவரும் முனகுகிறார், மற்றபடி குறையில்லை. நீ அந்தக் குளிர் ஊரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

போனில் உன்னிடம் மறைத்த ஒன்றை இப்போது சொல்லலாம், ஏனென்றால் ஜெயித்துவிட்டேன். விடுதிக்குப் புதிதாக வந்த மேலாளர் அமேகா போன மாதம் என்னையும் என்னோடு தரை தேய்க்கும் யாவாவையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார். பதினெட்டு வருஷம் நான் தேய்த்த தரை! திருவிழாவுக்குத் தலைநகரத்திலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்களாம், சாம்பலில் காய்ச்சிய கறுப்புச் சோப்பும் தேங்காய் மட்டையும் இனி ஆகாதாம், "சாம்பல் வாசம் அடிக்கிற விடுதின்னு பேர் வாங்கணுமாம்மா" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். வந்த கோபத்துக்கு வாளியை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன், சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். திருவிழாவுக்கு முன்னால் ஊரே துடைப்பம் எடுத்துத் தெருத்தெருவாகப் பெருக்கும்போது நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமே என்றுதான் தாங்கவில்லை.

எங்களுக்குப் பதிலாக நகரத்திலிருந்து மெஷினோடு ஆட்கள் வந்தார்கள். கூடத்துத் தரை நம் ஆற்றுச் சிப்பியை உடைத்துச் சிமெண்டில் போட்டு இழைத்தது, உனக்குத் தெரியும். அதில் கறை நீக்குகிற ஏதோ புளிப்பு மருந்தை ஊற்றினார்களாம், சுர்ரென்று நுரைத்ததாம், அழுக்குப் போகிறது என்று சந்தோஷப்பட்டார்களாம்! காய்ந்த பிறகு பார்த்தால் தரை முழுக்க அம்மைத் தழும்பு. புளிப்பு பட்டால் சிப்பி கரையும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று உன் அப்பாவைக் கேட்டுவிடாதே. கல்யாணமான புதிதில் மீன் வாடை போகட்டும் என்று மாமனார் வீட்டுத் தரையில் ஒரு கூடை எலுமிச்சையைப் பிழிந்தவள் நான், ஒரு வருஷம் பாய் விரித்து மறைத்தேன்.

பெருக்கும் வாரம் தொடங்கிய அன்று அமேகா நம் வாசலுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கிற முறைப்படி மது பாட்டிலும் பேசுவதற்குத் தன் தாய்மாமனும் கூட. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு "நம்ம பையன் கண்ணைத் தொறந்துகிட்டே குழியில விழுந்துட்டான், நீங்கதான் தூக்கிவிடணும்" என்றார். "விழுந்தது உங்க பையன் இல்லீங்க, என் தரை" என்றேன். யாவா விடுவாளா, "சாம்பல் வாசம் இப்போ பரவாயில்லையா ஐயா?" என்று கேட்டாள். இனி யாவாவுக்கு மூச்சு இரைக்க வைக்கிற எந்த மருந்து பாட்டிலும் உள்ளே வரக்கூடாது, எங்களை யாரும் நிறுத்தக்கூடாது என்று மாமா முன்னாலேயே வாக்கு வாங்கிக்கொண்டோம்.

மூன்று நாள் மண்டி போட்டோம். சலித்த கடல் மணலை ஈரமாக வைத்துத் தேய்த்து, மட்டையால் கறுப்புச் சோப்பு போட்டுக் கழுவி, உலர்ந்த பிறகு துணியில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு மெருகேற்றினோம். எலுமிச்சையைக் குழாய், கண்ணாடி தேய்ப்பதோடு நிறுத்திக்கொண்டோம். சிப்பி ஒவ்வொன்றும் கண் விழித்தது மகளே! முதல் கார் வந்ததும் அமேகா வாசலிலேயே தன் பூட்ஸைக் கழற்றினார், கோட்டு போட்ட விருந்தாளிகளிடம் "இது காஃபுய் அம்மாவோட தரை, செருப்பை இங்கேயே விட்டுட்டு வாங்க" என்றார். பதினெட்டு வருஷத்தில் என் தரைக்காக யாரும் குனிந்ததில்லை. அப்போதும் அழுதேன், வெட்கமில்லாமல்.

உன் கை வெடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். அங்கே வேலையில் கொடுக்கிற மருந்துகளை ஒன்றோடொன்று கலக்காதே, ஜன்னலைத் திறந்து வை, ராத்திரி கையில் எண்ணெய் பூசு. தேவாலயத்து நண்பர் வழியாகச் சோப்பு அனுப்புகிறேன், ஈரத்தில் வைத்தால் கரைந்துவிடும், மறந்துவிடாதே. கடவுள் உன் கைகளையும் முதுகையும் காக்கட்டும், நீ தொட்டதெல்லாம் மின்னட்டும். இன்னொன்று, கோபித்துக்கொள்ளக் கூடாது: ஹாம்பர்க்கில் என்ன வேலை என்று யாரிடமும் சொல்லாதே என்றாய். ஞாயிற்றுக்கிழமை சபையில் கடவுள் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல எழுந்தபோது, என் மகளும் தினம் பன்னிரண்டு அறை சுத்தம் செய்கிறவள் என்று உரக்கச் சொல்லிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா காஃபுய்